உங்களுக்குத் தெரியுமா? கறுப்பு வெள்ளை ஃபிலிமை வீட்டிலேயே கழுவலாம்!

ஃபிலிம் ரோலை ஸ்டூடியோவில் கழுவக் கொடுத்துவிட்டு நாள்கணக்கில் காத்திருந்தவர்களுக்கும், அந்தக் காத்திருப்பே என்னவென்று தெரியாமல் வளர்ந்தவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்த வாரப் பகுதி. தாத்தாவின் கேமராவைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்து ரோல் போடும் இளைஞர்கள் பெருகிவருகிறார்கள். கழுவித் தர ஆள்தான் அருகிவிட்டார்கள். கலர் ஃபிலிமைக் கழுவ 38 டிகிரி சூட்டைக் கடைசிவரை பிசகாமல் காக்க வேண்டும். கறுப்பு வெள்ளை அவ்வளவு படுத்தாது. வெளிச்சம் புகாத ஒரு டேங்க், மூன்று பாட்டில்கள், ஒரு தெர்மாமீட்டர், ஒரு கடிகாரம் இருந்தால் ஆரம்பித்துவிடலாம்.

சிவப்பு விளக்கு எரியக் கூடாது

சினிமாவில் டார்க் ரூம் என்றாலே சிவப்பு விளக்கு எரியும். அது பிரிண்ட் போடும் தாளுக்கு உரியது. அந்தத் தாளில் சிவப்பு ஒளி பதியாது. இன்று கடையில் கிடைக்கும் கறுப்பு வெள்ளை ஃபிலிம்களில் பெரும்பாலானவை எல்லா நிற ஒளியையும் பதிவு செய்பவை. சிவப்பு விளக்கில் ரோலைப் பிரித்தால் மொத்தமும் போய்விடும். ஃபிலிமுக்கு வேண்டியது கும்மிருட்டு மட்டுமே. செல்போன் திரை, ஒளிரும் கைக்கடிகாரம், மோடத்தின் பச்சைப் புள்ளி எதுவும் கூடாது.

இருட்டு சில நிமிடம்தான்

ரோலை டப்பாவிலிருந்து எடுத்து ரீலில் சுற்றி டேங்குக்குள் வைத்து மூடும்வரைதான் இருட்டு வேண்டும். அதற்குப் பிறகு விளக்கைப் போட்டுக்கொண்டு சமையலறை மேடையிலேயே வேலை பார்க்கலாம். டேங்கின் மூடி திரவத்தை உள்ளே விடும், வெளிச்சத்தை விடாது. ஆகவே தனி டார்க் ரூம் கட்ட வேண்டிய அவசியமே இல்லை. இரவில் ஜன்னலுக்குப் போர்வை கட்டி, கதவிடுக்கில் துண்டைச் செருகிய ஓர் அறை போதும். விளக்கை அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்து பாருங்கள். கண் பழகிய பிறகும் உங்கள் கை உங்களுக்கே தெரியவில்லை என்றால் அறை தயார்.

விரல்களுக்குத்தான் முதல் பாடம்

கழுவும் வேலையில் ரசாயனம் சுலபம். ரீலில் சுற்றுவதுதான் கஷ்டம். 36 படம் எடுக்கும் 35 மி.மீ. ரோல் ஏறக்குறைய 1.6 மீட்டர் நீளம். அதைக் கண்ணால் பார்க்காமல், ஒரு சுற்று இன்னொரு சுற்றின்மேல் ஒட்டாமல் ஏற்ற வேண்டும். டப்பாவின் தட்டையான பக்கத்தைச் சோடா ஓப்பனரால் நெம்பினால் மூடி கழன்று வரும். நாக்குப் போல நீண்டிருக்கும் முனையை நேராக வெட்டி, இரு மூலைகளையும் லேசாக வளைவாகக் கத்தரித்துவிடுங்கள். கூர்மூலைதான் ரீலின் பள்ளத்தில் மாட்டிக்கொண்டு அடம்பிடிக்கும். பிளாஸ்டிக் ரீலின் வாயில் இரண்டு சிறு குண்டுமணிகள் இருக்கும். முனையை அவற்றைத் தாண்டித் தள்ளிவிட்டு, ரீலின் இரு பாதிகளையும் மாற்றி மாற்றி முன்னும் பின்னும் திருப்பினால் ஃபிலிம் தானாக உள்ளே நடந்து போகும். ஓரங்களை மட்டும் தொடுங்கள். கடைசியில் ஃபிலிம் அச்சோடு ஒட்டியிருக்கும் இடத்தைக் கத்தரித்துவிடுங்கள்.

பாழாய்ப்போன ரோல் ஒன்றை வைத்துப் பழகுங்கள். முதலில் கண்ணைத் திறந்துகொண்டு, பிறகு கண்ணை மூடிக்கொண்டு, பிறகு இருட்டில். விரல்கள் தயங்காமல் போகும்வரை நல்ல ரோலைத் தொட வேண்டாம்.

ஈரம்தான் எதிரி

சென்னை, நாகை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் இருப்பவர்களுக்குக் கூடுதலாக ஒரு தொல்லை உண்டு. பிளாஸ்டிக் ரீலில் துளி ஈரம் இருந்தாலும் ஃபிலிம் பாதியில் ஒட்டிக்கொண்டு நகராது. இருட்டு அறைக்குப் பதிலாகக் கையை நுழைத்து வேலை பார்க்கும் கறுப்புப் பையில் ஐந்து நிமிடத்தில் கை வியர்த்துவிடும். ஒட்டிக்கொண்டால் பலவந்தம் வேண்டாம். ஃபிலிமையும் ரீலையும் அப்படியே டேங்குக்குள் போட்டு மூடி, வெளியே வந்து, கையைத் துடைத்து, காற்று வாங்கிவிட்டு மறுபடி போங்கள்.

நடுத்தண்டை மறக்காதீர்கள்

பேட்டர்சன் போன்ற பிளாஸ்டிக் டேங்குகளில் ரீலுக்கு நடுவே ஒரு குழாய் செருகுவார்கள். பார்க்க அற்பமாக இருக்கும். அதுவும் மூடியின் புனலும் சேர்ந்துதான் வெளிச்சத்தைத் தடுக்கின்றன. அதை வெளியே விட்டுவிட்டு மூடினால் புனல் வழியாக ஒளி நேரே ஃபிலிமில் விழும். விளக்கைப் போடும் முன் அது உள்ளே இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

குளியலறையில் பிறந்த படங்கள்

உலகம் இன்று கொண்டாடும் தெருப் புகைப்படக் கலைஞர் விவியன் மேயர், வீடுகளில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்தவர். 1950களில் சிகாகோ பக்கத்தில் வேலை பார்த்த ஒரு வீட்டில், தனக்குக் கிடைத்த தனிக் குளியலறையையே டார்க் ரூமாக்கிக்கொண்டார். அந்த வீட்டை விட்ட பிறகு அவருடைய ரோல்கள் கழுவப்படாமலே குவிந்தன. 2007இல் அவருடைய பெட்டிகள் ஏலத்தில் போன பிறகுதான் அந்தப் படங்கள் வெளியே வந்தன.

நாலே நாலு அணு

ஷட்டர் திறந்து மூடியதும் ஃபிலிமில் என்ன நடக்கிறது? ஜெலட்டின் படலத்தில் பதிந்திருக்கும் வெள்ளி உப்புப் படிகங்களில் வெளிச்சம் பட்டவற்றில் மட்டும் நாலைந்து வெள்ளி அணுக்கள் கூடி ஒரு புள்ளி ஆகின்றன. எந்த நுண்ணோக்கியை வைத்துப் பார்த்தாலும் அங்கே படம் தெரியாது. டேங்கில் ஊற்றும் டெவலப்பர் என்ற மருந்து அந்தப் புள்ளியைப் பிடித்துக்கொண்டு படிகம் முழுவதையும் கறுப்பு வெள்ளியாக மாற்றுகிறது. கோடிக்கணக்கான மடங்கு பெருக்கம் அது! கேமராவுக்குள் பாதி வேலைதான் நடக்கிறது. மீதி உங்கள் டேங்குக்குள் நடக்கிறது என்பதை நினைத்தால் கழுவுவதை இன்னொருவர் கையில் விட மனம் வராது.

நாட்டு மருந்துக் கடையில் ஒரு டெவலப்பர்

மறைந்திருக்கும் படத்தை வெளியே கொண்டுவர முடியும் என்று 1840 செப்டம்பரில் கண்டுபிடித்தவர் இங்கிலாந்தின் வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட். அவர் பயன்படுத்தியது காலிக் அமிலம். அது எதிலிருந்து எடுக்கப்பட்டது தெரியுமா? நம் நாட்டு மருந்துக் கடையில் குழந்தைகளுக்கு உரசிக் கொடுக்க வாங்குகிறோமே, அந்த மாசிக்காயிலிருந்து. அதற்கு முன்பு கேமராவில் தாளை வைத்து மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. அதன் பிறகு ஒரு சில நிமிடமே போதுமானதாயிற்று.

சினிமாவுக்குப் பிறந்த டி-76

உலகெங்கும் வீட்டில் கழுவுபவர்கள் அதிகம் நம்பும் டெவலப்பர்களில் ஒன்றான டி-76, 1927இல் கோடாக் நிறுவனத்தின் ஜான் கேப்ஸ்டாஃப் சினிமா ஃபிலிமுக்காக உருவாக்கியது. ஒரு லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், சோடியம் சல்ஃபைட் 100 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், வெங்காரம் 2 கிராம். இதில் ரகசியம் ஒன்றுமில்லை. பல புத்தகங்களில் அச்சாகிவிட்டது. இல்ஃபோர்ட் நிறுவனத்தின் ஐடி-11 கிட்டத்தட்ட இதே கலவைதான். முதல் ரோலுக்கு எதை வாங்குவது என்று கேட்டால் இந்த இரண்டில் ஒன்று என்றுதான் சொல்வேன். எந்த ஃபிலிமுக்கு எத்தனை நிமிடம் என்பது இவற்றுக்குத்தான் அதிகமாக அச்சிடப்பட்டிருக்கிறது. தவறினால் தாங்கும் குணமும் உண்டு. தூளை 50 டிகிரி வெந்நீரில் கரைத்து, ஓர் இரவு ஆறவிட்டு எடுங்கள். வாய்வரை நிரப்பி இறுக மூடிய பாட்டிலில் ஆறு மாதம் கெடாது. பாதி காலியான பாட்டிலில் இரண்டு மாதம் வந்தால் அதிகம், ஏனென்றால் காற்று அதைத் தின்றுவிடும்.

1891லிருந்து ஓடும் ரோடினால்

ஜெர்மனியின் அக்ஃபா நிறுவனம் 1891இல் வெளியிட்ட ரோடினால் டெவலப்பர் இன்றும் விற்கிறது. பாட்டிலில் கறுத்துப் போனாலும் வேலை செய்யும், ஆண்டுக்கணக்கில் கெடாது. ஒரு பங்கு திரவத்துக்கு 25 பங்கு அல்லது 50 பங்கு தண்ணீர் விட்டு, ஒரு தடவை பயன்படுத்திவிட்டுக் கொட்டிவிடலாம். எப்போதாவது ஒரு ரோல் எடுப்பவர்களுக்கு இதைவிடச் சிக்கனம் வேறில்லை. படத்தில் மணிமணியாகப் புள்ளிகள் சற்றுத் தூக்கலாகத் தெரியும். அதற்காகவே இதை விரும்புகிறவர்களும் இருக்கிறார்கள்.

இதில் வேலை செய்யும் பாரா அமினோ ஃபீனால் என்ற பொருளுக்கும் காய்ச்சல் மாத்திரையான பாராசிட்டமாலுக்கும் ரத்த உறவு உண்டு. மாத்திரையிலிருந்தே டெவலப்பர் காய்ச்சுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அதற்குக் காஸ்டிக் சோடா வேண்டும். அது கண்ணில் பட்டால் பார்வை போகும். புதியவர்களுக்கு வேண்டவே வேண்டாம்.

வார இறுதியில் பெங்களூர் ரயில்

தென்னிந்தியாவின் முதல் மௌனப் படமான 'கீசக வதம்' எடுத்த ஆர். நடராஜ முதலியார், சென்னையில் படம் பிடித்துவிட்டு, ஃபிலிமைக் கழுவ வார இறுதியில் பெங்களூர் போவார். குளிர்ந்த ஊரில்தான் ஃபிலிம் நல்லபடியாக இருக்கும் என்று அங்கே லேப் வைத்திருந்தார். திங்கள்கிழமை காலை மறுபடி சென்னையில் படப்பிடிப்பு!

அவர் பட்ட பாடு நமக்கும் உண்டு. புத்தகங்களில் போட்டிருக்கும் நேரம் எல்லாம் 20 டிகிரிக்கு உரியது. சித்திரை வெயிலில் மாடித் தொட்டித் தண்ணீர் 35 டிகிரியைத் தாண்டிவிடும். அந்தச் சூட்டில் டெவலப்பர் தறிகெட்டு ஓடும்; ஃபிலிமின் ஜெலட்டினும் இளகிக் கீறல் விழும். வழி இருக்கிறது. பாட்டில்களை ஒரு அகலமான தொட்டித் தண்ணீரில் நிறுத்தி, பிளாஸ்டிக் பையில் கட்டிய ஐஸ் கட்டிகளை அதே தொட்டியில் போடுங்கள். ஐஸை டெவலப்பருக்குள்ளேயே போட்டால் கலவை நீர்த்துவிடும். 20க்கு இறக்க முடியாவிட்டால் 23, 24 டிகிரியில் கழுவி நேரத்தைக் குறைக்கலாம். 20 டிகிரியில் 4 நிமிடம் என்றால் 23 டிகிரியில் 3 நிமிடம் என்பது இல்ஃபோர்டின் கணக்கு. ஆனால் மொத்த நேரம் ஐந்து நிமிடத்துக்குக் கீழே போனால் படத்தில் திட்டுத்திட்டாக விழ வாய்ப்புண்டு. அதனால் நம் ஊருக்கு நீர்த்த கலவையே நல்லது. இல்ஃபோர்டின் எச்பி5 ஃபிலிமுக்கு ஐடி-11ஐ அப்படியே ஊற்றினால் 20 டிகிரியில் ஏழரை நிமிடம். சரிபாதி தண்ணீர் கலந்தால் 13 நிமிடம். வெயிலில் அந்த 13 நிமிடம் பத்தாகக் குறைந்தாலும் பயமில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். டெவலப்பர், படத்தை நிலைநிறுத்தும் ஹைப்போ, கழுவும் தண்ணீர் எல்லாம் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்க வேண்டும். குளிர்ந்ததிலிருந்து சட்டென்று சூட்டுக்குப் போனால் ஜெலட்டின் சுருங்கிப் படம் முழுவதும் வலைபோல வெடிக்கலாம்.

ஊட்டியில் பிறந்த 'இந்து'

கறுப்பு வெள்ளை ஃபிலிமை இந்தியாவிலேயே தயாரித்த ஊர் உதகமண்டலம். 1960இல் தொடங்கப்பட்ட பொதுத்துறை நிறுவனமான ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ், பிரான்ஸின் பௌஷே நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடு 1967இல் உற்பத்தியில் இறங்கியது. குளிர்ச்சியும் தூசில்லாத காற்றும் ஃபிலிம் தயாரிப்புக்கு உயிர்நாடி. நீலகிரியில் இரண்டும் உண்டு. 'இந்து' என்ற பெயரில் வந்த அந்த ரோல்களும், பிரிண்ட் தாள்களும், எக்ஸ்ரே ஃபிலிம்களும் நாடெங்கும் போயின. கலரும் டிஜிட்டலும் வந்த பிறகு ஆலை நொடித்து மூடப்பட்டது. அந்தத் திறமையை நாம் காப்பாற்றி வைத்திருக்க வேண்டும். இன்று ஒரு ரோல் வாங்க இறக்குமதியை நம்பியிருக்கிறோம்.

தஞ்சாவூர் வெயிலில் ஒரு கேப்டன்

கேப்டன் லின்னேயஸ் டிரைப், சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக 1858இல் மதுரை, தஞ்சாவூர், புதுக்கோட்டை, திருச்சி என்று சுற்றினார். அப்போது ஃபிலிம் கிடையாது. மெழுகு பூசிய காகிதம்தான் நெகட்டிவ். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து ஒட்டி, 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். மின்விசிறி இல்லாத காலம் அது!

ஆட்டத்துக்கும் அளவு உண்டு

டெவலப்பரை ஊற்றியதும் டேங்கை அடிக்கடி கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். இல்லாவிட்டால் வெளிச்சமான இடங்களில் மருந்து தீர்ந்து சும்மா நிற்கும். இல்ஃபோர்டின் முறை இது: முதல் பத்து விநாடியில் நான்கு தடவை, பிறகு ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் நான்கு தடவை. ஆட்டி முடித்ததும் டேங்கின் அடியை மேடையில் லேசாகத் தட்டுங்கள். ஒட்டியிருக்கும் குமிழிகள் விலகும்; இல்லாவிட்டால் வானத்தில் வட்டவட்டமாகப் பொட்டு விழும். ஆர்வத்தில் அதிகம் குலுக்கினால் கறுப்பும் வெள்ளையும் கடுமையாகிவிடும். எப்படி ஆட்டினாலும் ஒவ்வொரு ரோலுக்கும் ஒரே மாதிரி ஆட்டுங்கள்.

ஊறுகாய்க்கு ஊற்றும் வினிகர்

டெவலப்பரைக் கொட்டியதும் அதன் வேலையைச் சட்டென்று நிறுத்த அசெட்டிக் அமிலக் குளியல் கொடுப்பார்கள். கடை வினிகர் அதே பொருள்தான். ஒரு பங்கு வினிகருக்கு மூன்று பங்கு தண்ணீர். அதுவும் இல்லையென்றால் வெறும் தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசினாலே போதும்.

வானியலாளர் தந்த ஹைப்போ

ஸ்டூடியோக்காரர்கள் 'ஹைப்போ' என்று சொல்லும் சோடியம் தயோசல்ஃபேட், வெள்ளி உப்பைக் கரைக்கும் என்று 1819இல் கண்டவர் வானியல் அறிஞர் ஜான் ஹெர்ஷல். இருபது ஆண்டு கழித்துப் புகைப்படம் பிறந்தபோது, படத்தை நிலைநிறுத்த என்ன செய்வது என்று மற்றவர்கள் திணற, அவர் கையில் விடை தயாராக இருந்தது. மீன் தொட்டித் தண்ணீரில் குளோரினை நீக்கப் போடும் படிகமும் இதுவே.

ஃபிலிமை எவ்வளவு நேரம் ஹைப்போவில் வைப்பது? இதற்குக் கண்ணே சாட்சி. ரீலில் சுற்றும் முன் வெட்டிப் போட்ட முனைத்துண்டை எடுத்து, பட்டப்பகலில் ஒரு கிண்ணம் ஹைப்போவில் போடுங்கள். பால்போல இருந்த துண்டு ஓரத்திலிருந்து கலங்கி, திரை விலகுவதுபோல வெளுத்து, கண்ணாடியாகும். அந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு இரட்டிப்பாக்குங்கள். அதுதான் உங்கள் ரோலுக்கான நேரம். துண்டு தெளிய முதல் நாளைவிட இரண்டு மடங்கு நேரம் எடுத்தால் அந்த ஹைப்போ தீர்ந்துவிட்டது. இந்தச் சோதனையை எந்த ரோலுக்கும் தவிர்க்காதீர்கள்.

35 தடவை கவிழ்த்தால் போதும்

ஓடும் தண்ணீரில் அரை மணி நேரம் கழுவ வேண்டும் என்று பழைய புத்தகங்கள் சொல்லும். 2019 கோடையின் தண்ணீர்ப் பஞ்சத்தைச் சென்னையில் பார்த்தவர்களுக்கு அது மனசுக்கு ஒவ்வாது. தண்ணீரைச் சிக்கனப்படுத்த இல்ஃபோர்ட் சொன்ன வழி இது: டேங்கில் தண்ணீர் நிரப்பி 5 தடவை கவிழ்த்துக் கொட்டுங்கள். மறுபடி நிரப்பி 10 தடவை. மறுபடி நிரப்பி 20 தடவை. முடிந்தது. ஒரு 35 மி.மீ. ரோலுக்கு 290 மில்லி கொள்ளும் பேட்டர்சன் டேங்கில், மொத்தமே ஒரு லிட்டர்கூட ஆகாது. கெட்டிப்படுத்தும் மருந்து சேராத வேகமான ஃபிக்சருக்கு (நிலைநிறுத்தும் மருந்துக்கு) மட்டும் இது பொருந்தும்.

இன்வெர்ட்டர் தண்ணீர்

போர்வெல் தண்ணீரில் கழுவிக் காயவைத்தால் சுண்ணாம்புத் திட்டு நெகட்டிவில் அப்படியே ஒட்டிக்கொள்ளும். பிறகு துடைத்தாலும் போகாது. கடைசி அலசலுக்கு மட்டும் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். அதில் ஃபிலிமுக்கென்றே விற்கும் ஈரமூட்டியை ஒரு சொட்டு கலந்தால் நீர்த்துளி நிற்காமல் வழிந்துவிடும். பிறகு ஒரு முனையைக் கொடியில் மாட்டி, மறுமுனையில் துணி கிளிப்பைக் கனத்துக்காகப் போட்டுத் தொங்கவிடுங்கள். மின்விசிறி வேண்டாம், தூசி அடிக்கும். சற்றுமுன் யாராவது குளித்துவிட்டுப் போன குளியலறைதான் வீட்டிலேயே தூசி குறைந்த இடம்.

அவசரக் காய்ச்சல்

1944 ஜூன் 6 அன்று நார்மண்டி கடற்கரையில் போர்ப் புகைப்படக்காரர் ராபர்ட் காப்பா எடுத்த படங்களில் பெரும்பகுதி, லண்டன் லேபில் உலர்த்தும் பெட்டியின் சூட்டில் உருகிப்போனதாகப் பல ஆண்டுகள் சொல்லப்பட்டது. பின்னால் வந்த ஆய்வாளர்கள் அது நடந்திருக்க முடியாது என்று மறுத்திருக்கிறார்கள். எப்படியோ, ஹேர் டிரையரைத் தூர வையுங்கள்.

காபியிலும் கழுவலாம்!

1995இல் அமெரிக்காவின் ராசெஸ்டர் தொழில்நுட்பக் கல்லூரியில் ஸ்காட் வில்லியம்ஸ் என்ற ஆசிரியரும் மாணவர்களும் இன்ஸ்டன்ட் காபியில் ஃபிலிம் கழுவிக் காட்டினார்கள். வேலை செய்வது கஃபீன் இல்லை, காபியில் இருக்கும் கஃபீக் அமிலம். பின்னால் வைட்டமின் சி சேர்த்ததும் வேகம் கூடியது. பலரும் கையாளும் அளவு: ஒரு லிட்டர் தண்ணீருக்கு நீரற்ற சலவைச் சோடா 54 கிராம், வைட்டமின் சி தூள் 16 கிராம், இன்ஸ்டன்ட் காபித்தூள் 40 கிராம், 20 டிகிரியில் 15 நிமிடம். இங்கே சில எச்சரிக்கைகள். ஆப்பச் சோடா வேறு, சலவைச் சோடா வேறு. சோடா கற்கண்டுபோல் படிகமாக இருந்தால் அதில் பாதிக்குமேல் தண்ணீர்தான், 2.7 மடங்கு எடை போட வேண்டும். ஆரஞ்சு வாசனை மாத்திரை வேண்டாம், சுத்தமான தூள் வேண்டும். சிக்கரி கலந்த ஃபில்டர் காபி இதற்கு ஆகாது, அதைக் குடியுங்கள். வாடை குமட்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதல் ரோலுக்கு இது வேண்டாம், இரண்டு மூன்று ரோல் கைவந்த பிறகு செய்து பாருங்கள்.

ரோலே நோயைச் சொல்லும்

கழுவி எடுத்த ரோல் ஒன்றுமே இல்லாமல் வெறிச்சென்று இருந்தால் பதறாதீர்கள். ஓரத்தைப் பாருங்கள். ஃபிலிமின் பெயரும் 1, 2, 3 என்ற எண்களும் ஆலையிலேயே ஒளியால் பதிக்கப்பட்டவை. அவை தெரிய டெவலப்பர் வேலை செய்திருக்க வேண்டும். எழுத்து கறுப்பாகத் தெரிந்து படம் மட்டும் இல்லையென்றால் நீங்கள் கழுவியது சரி. கேமராவில்தான் கோளாறு, பெரும்பாலும் ரோல் நகரவே இல்லை. எழுத்தும் இல்லையென்றால் டெவலப்பர் செத்துவிட்டது, அல்லது அவசரத்தில் ஹைப்போவை முதலில் ஊற்றியிருக்கிறீர்கள். பாட்டில்களில் பெரிய எழுத்தில் 1, 2, 3 என்று எழுதி ஒட்டுவது இதற்காகத்தான்.

பால்போல மங்கலாக இருந்தால் ஹைப்போ போதவில்லை. இதைத் திருத்தலாம்: புது ஹைப்போவில் மறுபடி போட்டு மறுபடி கழுவுங்கள். இளஞ்சிவப்புச் சாயல் தங்கினாலும் இதே மருந்து. பிறைநிலா வடிவத்தில் கறுப்புக் கீற்று தெரிந்தால், இருட்டில் சுற்றும்போது ஃபிலிம் மடங்கியிருக்கிறது. முழு ரோலும் ஓரம்வரை கன்னங்கரேல் என்றால் வெளிச்சம் புகுந்துவிட்டது. அதற்கு வைத்தியம் கிடையாது.

நிலாவில் ஒரு டார்க் ரூம்

நிலவின் மறுபக்கத்தை மனிதன் முதன்முதலாகப் பார்த்தது ஃபிலிமில்தான். 1959 அக்டோபரில் சோவியத் லூனா-3 படம் எடுத்து, பறந்துகொண்டே கழுவி, உலர்த்தி, பிறகு அதை மின்னலைகளாக்கிப் பூமிக்கு அனுப்பியது. 1966, 67இல் அமெரிக்காவின் ஐந்து லூனார் ஆர்பிட்டர்களும் இதையே செய்தன. மருந்து நனைத்த ஒரு பட்டையோடு ஃபிலிமை ஒட்டி உரித்ததால் அங்கே தனியாகத் திரவமே வேண்டியிருக்கவில்லை.

33 வருஷம் பனியில் புதைந்த ரோல்

1897இல் பலூனில் வட துருவத்துக்குக் கிளம்பிய சுவீடனின் ஆந்த்ரேயும் இரு தோழர்களும் திரும்பவில்லை. 1930இல் ஆர்க்டிக்கின் குவிட்டோயா தீவில் அவர்களுடைய உடல்களும் கேமராவும் கிடைத்தன. ஸ்டாக்ஹோமில் ஜான் ஹெர்ட்ஸ்பெர்க் அந்த ஈர ஃபிலிமைப் பொறுமையாகக் கழுவினார். 93 படங்கள் தேறின. பனியில் விழுந்து கிடக்கும் பலூனும், அதன் அருகே நிற்கும் மனிதர்களும் அவற்றில் இருக்கிறார்கள்.

கழுவாமல் விட்டவர்

நியூயார்க் தெருக்களைப் படமெடுத்த கேரி வினோகிராண்ட், எடுத்த கணத்தின் உணர்ச்சி ஆறட்டும் என்று வேண்டுமென்றே காலம் தாழ்த்திக் கழுவுவார். 1984இல் அவர் இறந்தபோது ஏறக்குறைய 2,500 ரோல்கள் கழுவப்படாமல் கிடந்தன. நீங்கள் அவரைப் பின்பற்ற வேண்டாம். நம் ஊர்ச் சூட்டிலும் ஈரத்திலும் பதிந்த படம் மெல்ல மங்கும். உடனே கழுவ முடியாவிட்டால் காற்றுப் புகாத டப்பாவில் ஃபிரிட்ஜில் வையுங்கள்; எடுத்தவுடன் திறக்காமல் அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திறங்கள். விமானத்தில் போனால் கைப்பையில் வைத்துக் கையால் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். கழுவி முடித்த நெகட்டிவை எக்ஸ்ரே ஒன்றும் செய்யாது.

சாக்கடைக்குப் போகும் வெள்ளி

ஃபிலிமில் வெளிச்சம் படாத வெள்ளியெல்லாம் பழைய ஹைப்போவில் கரைந்து நிற்கிறது. அதைக் கிணற்றடியிலோ செப்டிக் டேங்கிலோ கொட்டாதீர்கள்; நீர்வாழ் உயிர்களுக்கு அது நஞ்சு. கேனில் சேர்த்துவைத்து, எக்ஸ்ரே லேப்களில் ஹைப்போ வாங்கும் வெள்ளி வியாபாரியிடம் கொடுக்கலாம். இந்த வெள்ளிக்காகத்தான் பழைய சினிமா ஃபிலிம்களையும் நம் நாட்டில் எரித்தும் கரைத்தும் தீர்த்தார்கள். நடராஜ முதலியார் பெங்களூர் போய்க் கழுவிய 'கீசக வதம்' படத்துக்கு இன்று ஒரு பிரதிகூட இல்லை.

அடுப்படிப் பாத்திரம் வேண்டாம்

அளவுக் குவளை, புனல், கரண்டி எல்லாம் தனியாக வாங்குங்கள். ஒரு தடவைகூடச் சமையலுக்குத் திரும்பக் கூடாது. கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் மருந்து வைப்பது பெரிய ஆபத்து, குழந்தை எடுத்துக் குடித்துவிடும். மெட்டால் சிலருக்குக் கையில் அரிப்பும் கொப்புளமும் உண்டாக்கும், ஆகவே கையுறை அவசியம். தூள் கரைக்கும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

ஓப்பன்ஹைமருக்காக ஒரு ஃபிலிம்

2023இல் வந்த 'ஓப்பன்ஹைமர்' படத்தின் கறுப்பு வெள்ளைக் காட்சிகளுக்காக, அதுவரை இல்லாத 65 மி.மீ. அகலத்தில் டபுள்-எக்ஸ் ஃபிலிமைக் கோடாக் புதிதாகத் தயாரித்தது. அந்த டபுள்-எக்ஸ் 1959இல் வந்த சரக்கு. அதே ஃபிலிம் 35 மி.மீ. ரோலாகவும் கிடைக்கிறது, உங்கள் வீட்டு டி-76இலேயே கழுவலாம்.

பிரிண்ட் போடும் என்லார்ஜர் இல்லையா?

வெள்ளைத் திரையைக் காட்டும் டேப்லெட்மேல் சற்று உயரத்தில் நெகட்டிவைத் தாங்கி, செல்போனில் படமெடுத்து நிறத்தைத் தலைகீழாக்குங்கள். பார்த்து மகிழ இது போதும்.

அலமாரியில் ஒரு ரோல்

கடைசியாக ஒன்று. எத்தனையோ வீடுகளில் பீரோவுக்குள் பழைய கேமராவும், அதற்குள் முடிக்காத ரோலும் இன்னும் இருக்கின்றன. கலர் ரோலாக இருந்தாலும் கறுப்பு வெள்ளை டெவலப்பரில் கழுவினால் படம் வரும், நிறம் மட்டும் வராது. மங்கலாகத்தான் இருக்கும், ஆனால் அதில் யார் இருக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்? கேமராவைத் திறந்து பார்த்துவிடாதீர்கள். முதலில் புது ரோல் இரண்டை எடுத்துக் கழுவிக் கை பழகுங்கள். பிறகு அந்த ரோலைக் கையில் எடுங்கள். அதுவரை கேமராவோடு அதைப் பத்திரமாக வையுங்கள்.